சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரமும் நேரமும் கணக்கிடும் முறை

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பயண நேரம் 4 மணி 15 நிமிடத்தை ஒட்டி இருக்கும். கேள்வி இவ்வளவுதான் என்றால் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் டிக்கெட் கைக்கு வந்ததும் வேறு கேள்விகள் கிளம்பும். இரவு 11.15-க்குப் புறப்பட்டுக் காலை 6.00 மணிக்கு இறங்கும் என்று போட்டிருக்கிறதே, ஆறே முக்கால் மணி நேரமா? திரும்பும்போது இரவு 8.30-க்குக் கிளம்பி 10.15-க்கே சென்னை வந்துவிடுகிறதே, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வங்கக் கடலைத் தாண்ட முடியுமா? கோலாலம்பூர் வழியாகப் போனால் தூரம் கூடுமா? வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவது?

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், முதல் வேலைக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள் என்று பலர் இந்த வழியில்தான் வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் யாரையும் கேட்காமல் தாங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி படிப்படியாக எழுதுகிறேன். கணக்குப் பிடிபட்டுவிட்டால் வேறு எந்த இரண்டு ஊர்களுக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: தூரத்தைச் சரியாக எடுங்கள்

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைச் சிங்கப்பூரிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் கிடக்கும் கோடுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் வரும் வான்வழித் தூரம் இந்தக் கோட்டின் நீளம்தான்.

ஊருக்கு ஊர் எடுக்காமல் விமான நிலையத்துக்கு விமான நிலையம் எடுப்பது நல்லது. சென்னை நிலையத்தின் குறியீடு எம்ஏஏ, சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கியின் குறியீடு எஸ்ஐஎன். சாங்கி சிங்கப்பூர்த் தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வானத்தில் இந்த 20 கிலோமீட்டர் ஒன்றரை நிமிடம். தரையில் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். அதைப் பின்னால் தனியாகச் சேர்த்துக்கொள்வோம்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தளம் 2,920 என்று காட்டும், இன்னொன்று 1,815 என்று காட்டும், மூன்றாவது 1,577 என்று காட்டும். மூன்றும் ஒரே தூரம்தான். முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். விமானிகளும் வான்கட்டுப்பாட்டு அதிகாரிகளும் கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலிருந்து என்ன தூரம்? திருச்சி சென்னையைவிடத் தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குக் கிட்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சியிலிருந்து தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர், சென்னையைவிட 60 கூடுதல். திருச்சி தெற்கே இருப்பது போலவே மேற்கேயும் தள்ளி இருப்பதுதான் காரணம். சிங்கப்பூர்ப் பயணத்தில் பெரும்பகுதி கிழக்கு நோக்கியது. மதுரையிலிருந்து சுமார் 3,010, கோவையிலிருந்து சுமார் 3,160. கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு 2,750 அளவில் முடிந்துவிடும்.

இந்தக் கோடு எங்கெல்லாம் போகிறது என்று தெரிந்துகொண்டால் இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் வரைபடம் பார்ப்பது சுவையாக இருக்கும். சென்னையைவிட்டதும் வங்கக் கடல். இரண்டு மணி நேரத்துக்கு அநேகமாகக் கீழே தண்ணீர்தான். பாதி வழியைத் தாண்டும்போது பெரிய நிக்கோபார்ப் பக்கம் வரும். இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை அந்தத் தீவில் இருக்கிறது. கன்னியாகுமரியைத் தென்கோடி என்று சொல்வது தீவுகள் சேராத பெருநிலப்பரப்புக்கு மட்டும் பொருந்தும். அதை அடுத்துச் சுமத்ராவின் வடமுனையான ஆச்சே, பிறகு மலாக்கா நீரிணை, வலப்பக்கம் சுமத்ரா, இடப்பக்கம் மலேசியத் தீபகற்பம். பகல் விமானத்தில் வானம் தெளிவாக இருந்தால் நீரிணையில் வரிசையாகப் போகும் கப்பல்களைப் பார்க்கலாம். நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறிப் பல நாள் மிதந்து வந்தது இந்தத் தண்ணீரில்தான். ஜன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாம் படி: தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

நான் சொல்லும் சூத்திரம் எளிது. தூரத்தை 830-ஆல் வகுங்கள், கிடைத்த நேரத்தோடு 40 நிமிடம் கூட்டுங்கள்.

2,920-ஐ 830-ஆல் வகுத்தால் 3.52 மணி நேரம், அதாவது 3 மணி 31 நிமிடம். 40 கூட்டினால் 4 மணி 11 நிமிடம். டிக்கெட்டில் இருக்கும் நேரத்துக்கு மிக அருகில் வந்துவிட்டோம். திருச்சிக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மணி 35, கூட்டல் 40, ஆக 4 மணி 15 நிமிடம். தூரத்தில் 60 கிலோமீட்டர் கூடினாலும் நேரத்தில் நான்கு நிமிடம்தான் கூடுகிறது.

830 எங்கிருந்து வந்தது? இண்டிகோ போன்றவை ஓட்டும் ஏ320 வகை விமானங்களும் போயிங் 737-உம் ஒலியின் வேகத்தில் 78 சதவீத வேகத்தில் பறக்கும். ஒலியின் வேகம் குளிரில் குறையும். 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை கழித்தல் 56 டிகிரியை ஒட்டி இருப்பதால் அங்கே ஒலி மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவில்தான் போகிறது. அதில் 78 சதவீதம் ஏறக்குறைய 830. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 85 சதவீதத்தில் பறப்பதால் அவற்றுக்கு 900 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வழியில் பெரிய விமானம் மிச்சப்படுத்துவது கால் மணி நேரம். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். கால் நீட்ட இடம், சாப்பாடு, பெட்டி எடை என்று வேறு காரணம் இருந்தால் கொடுங்கள்.

அந்த 40 நிமிடம்தான் புதியவர்களுக்குப் புரியாமல் போவது. டிக்கெட்டில் இருக்கும் புறப்படும் நேரம் சக்கரம் தரையைவிட்டு எழும்பும் நேரம் இல்லை. விமானம் தன் நிறுத்துமிடத்திலிருந்து அசையும் நேரம் அது. இறங்கும் நேரமும் அப்படித்தான்: ஓடுதளத்தைத் தொட்டபிறகு ஊர்ந்து வந்து வாசலில் நிற்கும் நேரம். இரண்டுக்கும் இடைப்பட்டதைப் பிளாக் டைம் என்பார்கள். பின்னுக்குத் தள்ளுவது, இன்ஜினைக் கிளப்புவது, ஓடுதளம் வரை ஊர்வது, முன்னால் நிற்கும் விமானங்கள் போகும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். மேலே ஏறும்போதும் முழு வேகம் கிடையாது; 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகம்தான் அனுமதி, அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் அளவு. இறங்கும்போதும் அதே கதை. சாங்கிக்கு 200 கிலோமீட்டர் இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும்.

தூரம் எவ்வளவு குறைந்தாலும் இந்த 40 நிமிடம் குறையாது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வெறும் 300 கிலோமீட்டர். வகுத்தால் 22 நிமிடம் வரும். ஆனால் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. இதை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

கணக்கைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் தங்கள் விமான எண்ணைத் தட்டினால் கடந்த சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்ற பட்டியல் வரும். அதில் பறந்த நேரம் என்று காட்டுவது ஓடுதளத்திலிருந்து ஓடுதளம் வரை உள்ளது. சென்னை–சிங்கப்பூருக்கு அது நான்கு மணி நேரத்துக்குக் கீழேயே இருக்கும். டிக்கெட்டில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: டிக்கெட்டில் இருக்கும் இரண்டு கடிகாரங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். எந்த நிறுவனமானாலும் இதுதான் வழக்கம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் இரவு 9.30 என்றால் அங்கே நள்ளிரவு 12.00.

போகும்போது கூட்டுங்கள். இரவு 11.15 கிளம்பி 4 மணி 15 நிமிடம் பறந்தால் நம் நேரப்படி அதிகாலை 3.30. அதோடு இரண்டரை கூட்டினால் சிங்கப்பூர் நேரம் காலை 6.00. டிக்கெட்டில் இருப்பது அதுதான். வரும்போது கழியுங்கள். சிங்கப்பூரில் இரவு 8.30 கிளம்பினால் 4 மணி 15 நிமிடத்தில் அங்கே 12.45 ஆகும், இரண்டரை கழித்தால் சென்னையில் இரவு 10.15. போகும்போது ஆறே முக்கால் மணி, வரும்போது ஒன்றே முக்கால் மணி என்று தெரிவது இதனால்தான். உண்மையில் இரண்டும் ஒரே நேரம்.

இந்த இரண்டரைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1982 ஜனவரி 1-க்கு முன்பு வித்தியாசம் இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. மலேசியா தன் கிழக்குப் பகுதியான சபா, சரவாக் நேரத்தோடு தீபகற்பத்தின் நேரத்தையும் ஒன்றாக்க அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. சிங்கப்பூரும் கூடவே தள்ளி வைத்துக்கொண்டது. சூரியனை வைத்துப் பார்த்தால் அந்தத் தீவுக்கு இந்த நேரம் ரொம்பவே முன்னால்தான். அதனால் அங்கே ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டித்தான் விடிகிறது. 6 மணிக்கு இறங்கும்போது வெளியே கும்மிருட்டாக இருக்கும். விமானம் முன்கூட்டி வந்துவிட்டதோ, கடிகாரம் தவறோ என்று திகைக்க வேண்டாம்.

தேதிதான் இதைவிடப் பெரிய பொறி. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அதை வரவேற்க வருகிறவரிடம் தேதியோடு சொல்லுங்கள். புறப்பாடு நள்ளிரவுக்குப் பிறகு என்றால் இன்னும் கவனம் வேண்டும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 01.30 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14-ஆம் தேதி இரவு 10.30-க்கு. 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். நம் பேச்சு வழக்கில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள்; விமான அட்டவணைக்கு 12 மணி அடித்தால் அடுத்த நாள். காலண்டரில் 14-ஆம் தேதிக் கட்டத்தில் “இரவு 8.30 வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்” என்று எழுதி வையுங்கள். விமானத்தின் நேரத்தை எழுதாதீர்கள், நீங்கள் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள்.

நான்காம் படி: நேரடியா, மாறிப் போவதா?

மலிவாகத் தேடினால் கோலாலம்பூர் வழி, கொழும்பு வழி என்று வரும். தூரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் சுமார் 2,630 கிலோமீட்டர், அங்கிருந்து சாங்கி 300, ஆக 2,930-க்குள். நேரடித் தூரத்தைவிட ஐந்து, பத்து கிலோமீட்டர்தான் கூடுதல், ஏனென்றால் கோலாலம்பூர் கிட்டத்தட்ட நம் கோட்டின் மேலேயே இருக்கிறது. ஆனால் நேரம்? சென்னை–கோலாலம்பூர் 3 மணி 50 நிமிடம், கோலாலம்பூர்–சிங்கப்பூர் ஒரு மணிக்கு மேல், நடுவில் காத்திருப்பு குறைந்தது ஒன்றரை, இரண்டு மணி. ஏழு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். தூரம் கூடவில்லை என்பதால் நேரமும் கூடாது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்று பாருங்கள். கொழும்பு வழியில் 650-உம் 2,750-உம் சேர்ந்து 3,400. அதிலும் இரண்டு தடவை அந்த 40 நிமிடம், நடுவில் காத்திருப்பு.

மாறிப் போகும் டிக்கெட்டில் பார்க்க வேண்டியது மொத்த நேரம். தேடும் தளங்களில் அதைத் தனியாகக் காட்டுவார்கள், இரண்டு ஊர் நேர வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் தருவார்கள். அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டு பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே எண் என்றால் பெரும்பாலும் பெட்டி சிங்கப்பூர் வரை நேராகப் போய்விடும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் கோலாலம்பூரில் குடிநுழைவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கவுண்டரில் போட்டு, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டிவரும். மலேசியாவுக்குள் நுழைய வேண்டிய ஆவணங்களும் தேவைப்படும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். முதல்முறை போகிறவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் நேரடி விமானத்திலேயே போங்கள் என்பது என் உறுதியான கருத்து. சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக அம்மா அப்பாவை நடுராத்திரியில் தெரியாத ஊர் விமான நிலையத்தில் உட்கார வைக்காதீர்கள்.

திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, கோவையிலிருந்தும் உண்டு. திருச்சி டிக்கெட் கொஞ்சம் விலை கூடுதலாகத் தெரிந்தால் சென்னைக்குப் போக ஆகும் பஸ் அல்லது கார்ச் செலவையும், சாலையில் 320 கிலோமீட்டருக்கு மேல் போக ஆகும் ஐந்தாறு மணி நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது சிங்கப்பூருக்கே பறந்துபோகும் நேரத்தைவிட அதிகம்.

ஐந்தாம் படி: காற்றும் மழையும்

கிழக்கே போனால் வேகம், மேற்கே வந்தால் தாமதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வடக்கே அது உண்மை. டில்லியிலிருந்து டோக்கியோ 5,900 கிலோமீட்டர் அளவு. போகும்போது எட்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், திரும்பி வரும்போது ஒன்பது மணி நேரத்தையும் தாண்டிவிடும். குளிர்காலத்தில் அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் ஜெட் காற்றுதான் காரணம். முன்னே சொன்ன சூத்திரம் அங்கே போகும் வழிக்குப் பொருந்தும், வரும் வழிக்குப் பொருந்தாது.

சென்னை–சிங்கப்பூர் வழி அந்தக் காற்றுக்கு மிகவும் தெற்கே இருக்கிறது. இங்கே நிலைமை வேறு, சொல்லப்போனால் நேர்மாறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடும். தரையில் தென்மேற்குக் காற்று வீசும் அதே நேரத்தில் தலைக்கு மேலே எதிர்த்திசையில் இது போய்க்கொண்டிருக்கும். இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1950-களில் இதை ஆராய்ந்து எழுதினார். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் என்று பெயர். அதன் நடுப்பகுதி விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே 14, 15 கிலோமீட்டரில் இருந்தாலும், கீழ் விளிம்பு விமானத்தைத் தொடும். ஆகவே அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று, சென்னை திரும்பும்போது தள்ளிவிடும் காற்று. வித்தியாசம் சில நிமிடங்கள்தான். முன்னால் இருக்கும் திரையில் தரைவேகம் என்று ஓர் எண் வரும். 830-ஐவிடக் குறைந்து 780 என்று காட்டினால் எதிர்காற்றில் போகிறீர்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

நேரத்தை உண்மையிலேயே கெடுப்பது காற்றைவிட மழை மேகம். வங்கக் கடலின் தெற்குப் பகுதியில் இடிமேகங்கள் அடிக்கடி எழும். விமானி அவற்றைச் சுற்றிக்கொண்டு போவார். விமானம் குலுங்கும், பெல்ட் விளக்கு எரியும், சாப்பாடு கொடுப்பதை நிறுத்துவார்கள். முதல்முறை போகிறவர்களுக்குப் பயமாக இருக்கும். விமானம் இதைத் தாங்குவதற்காகவே கட்டப்பட்டது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். விளக்கு அணைந்தபிறகும் பெல்ட்டைத் தளர்த்தி அப்படியே வைத்திருப்பது நல்லது.

சிங்கப்பூர்ப் பக்கம் ‘சுமத்ரா’ என்றே ஒரு மழை இருக்கிறது. மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு, விடியும் முன்போ காலையிலோ பலத்த காற்றோடு தீவைக் கடக்கும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இதன் காலம். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பும் விமானங்கள் இறங்குவதும் இதே நேரம்தான். அப்படி மாட்டினால் இறங்குமுன் கொஞ்ச நேரம் வானத்தில் வட்டமடிக்க வேண்டிவரும். அதற்கும், தேவைப்பட்டால் வேறு நிலையத்துக்குப் போவதற்கும் சேர்த்துத்தான் எரிபொருள் நிரப்பியிருப்பார்கள்.

சென்னைப் பக்கம் இரண்டு காலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பர் புயல் காலம்: 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்து விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் மூடினார்கள். மற்றது போகி. ஜனவரி நடுவில் பழைய பொருட்களை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து அதிகாலையில் ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமல் போய், விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுவதும் நடந்திருக்கிறது. பொங்கலுக்கு வருகிறவர்கள் போகி விடியலில் இறங்கும் விமானத்தைத் தவிர்த்து முந்தைய நாளே வந்துவிட்டால் நிம்மதி.

ஆறாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

4 மணி 15 நிமிடம் விமானத்தின் நேரம். உங்கள் நேரம் வேறு. தாம்பரத்தில் இருப்பவரும் திருவள்ளூரில் இருப்பவரும் ஒரே நேரத்தில் கிளம்ப முடியாது, ஆகவே பின்னாலிருந்து முன்னால் எண்ணுங்கள்.

இரவு 11.15 விமானம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள், அதாவது 8.15. கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, சில நிறுவனங்களில் அதற்கும் முன்பே, மூடிவிடுவார்கள். அதன் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் பெட்டியை வாங்க மாட்டார்கள். கவுண்டர் வரிசை, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை மூன்றும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. வீட்டிலிருந்து நிலையம் வரை ஒன்றரை மணி நேரம் என்றால் 6.45-க்குக் கிளம்ப வேண்டும். கிண்டி, ஜிஎஸ்டி சாலை மாலை நெரிசலை நம்ப முடியாது. மெட்ரோ விமான நிலையத்துக்கே போகிறது, பெட்டி குறைவாக இருந்தால் அதுவே நிச்சயம். ராத்திரி 11 மணி வாக்கில் மெட்ரோ ஓய்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சாங்கியில் 6.00-க்கு இறங்கினால் வாசலுக்கு வர முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அங்கிருந்து லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்கா பக்கம் வீடு என்றால் எம்ஆர்டி என்ற நகர ரயிலில் எக்ஸ்போ நிலையத்தில் மாறி, டௌன்டவுன் தடத்தில் நேராக லிட்டில் இந்தியா. நடையும் சேர்த்து ஒரு மணி நேரம். ஆக வீடு போய்ச் சேரும்போது அங்கே காலை 8.00, நம் நேரப்படி 5.30. மாலை 6.45-க்குக் கிளம்பியவர் காலை 5.30-க்குப் போய்ச் சேருகிறார்: பத்தே முக்கால் மணி நேரம். வானத்தில் இருந்தது அதில் பாதிகூட இல்லை.

இதனால்தான் ராத்திரி விமானத்தில் ஒரு நாள் விடுப்பு மிச்சம் என்று சொல்லும்போது நான் யோசிக்கச் சொல்வேன். 11.15-க்குக் கிளம்பினால் நள்ளிரவை ஒட்டிச் சாப்பாடு தருவார்கள்; இறங்குவதற்கு அரை மணி முன்பு விளக்கைப் போட்டு இருக்கையை நிமிர்த்தச் சொல்வார்கள். நடுவில் கண்ணயர இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். இளைஞர்களுக்குச் சமாளிக்க முடியும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் பகல் விமானம் எடுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்கள், நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டரை மணி நேர வித்தியாசத்தை எப்படிச் சரிசெய்வது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம்.

ஏழாம் படி: கிளம்பும் வாரம்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே வேண்டும். அங்கே போய் எடுக்க முடியாது. அது கைக்கு வந்தபிறகு இன்னொன்று இருக்கிறது: சிங்கப்பூர் வருகை அட்டை. குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் இணையதளத்தில், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது ஆணையத்தின் தளம் இல்லை. இங்கேயும் தேதிதான் முக்கியம்: அட்டையில் எழுத வேண்டியது இறங்கும் தேதி, கிளம்பும் தேதி இல்லை. 14-ஆம் தேதி இரவு கிளம்பினால் அட்டையில் 15.

கிளம்பும் அன்று மதியம் விமான எண்ணை நிறுவனத்தின் செயலியில் ஒரு தடவை பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் விமானமே திரும்பிப் போவதாக இருந்தால், அது அங்கே தாமதமாகக் கிளம்பியிருந்தால் உங்களுடையதும் தாமதமாகும். ஆனாலும் தாமதம் என்று செய்தி வந்தது என்பதற்காக வீட்டிலிருந்து லேட்டாகக் கிளம்பாதீர்கள். கவுண்டர் மூடும் நேரத்தைப் பெரும்பாலும் தள்ளிவைக்க மாட்டார்கள்.

அழைத்துப்போக வருகிறவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியில் மூன்று விவரம் போதும்: விமான எண், இறங்கும் தேதியோடு சிங்கப்பூர் நேரம், எந்த முனையம். சாங்கியில் நான்கு முனையங்கள் இருப்பதால் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். “15-ஆம் தேதி காலை 6.00 சிங்கப்பூர் நேரம், வெளியே வர 7.00 ஆகும்” என்று எழுதி, விமான எண்ணையும் முனைய எண்ணையும் அதன் கீழே போட்டு அனுப்பிவிடுங்கள்.